வலிப்பு நோயாளிக்கு ஒரு நாடு அமைத்த படிகள்

நோய்கள் பலவற்றுள்ளும் வலிப்பு நோயைப் போல மக்களை அச்சுறுத்தியதும், மக்களால் மறைக்கப்பட்டதும் பிறிதொன்று இல்லை எனலாம். காய்ச்சல் கண்டவனை அயலார் வந்து நலம் விசாரிக்கின்றனர். கால் முறிந்தவனுக்குத் தோள் கொடுக்கின்றனர். வலிப்புக் கண்டவனையோ வீட்டாரே அறையினுள் வைத்துக் கதவைச் சாத்துகின்றனர். பேயின் செயல் என்பாரும், பிறர் வைத்த சூனியம் என்பாரும், தொட்டால் ஒட்டும் என்பாரும் இன்றும் உளர். இவை யாவும் பொய் என்பதை வைத்திய நூல் நிறுவி நெடுங்காலமாயிற்று. நோயை அடக்க மருந்துகளும் பல உள. அவ்வாறாயின் நோயாளர் பலர் இன்னும் துன்புறுவது ஏன்? மருந்து இருப்பது வேறு. உரிய நோயாளி உரிய வேளையில் உரிய வைத்தியரைச் சென்றடைவது வேறு. இரண்டாவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கைப் பற்றியே இவ்வாரம் நாம் ஆராய விரும்புகின்றோம்.

இதற்குப் பிரித்தானிய நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குடிமக்கள் யாவருக்கும் இலவசமாக வைத்தியம் அளிக்கும் தேசிய சுகாதார சேவை அங்கே 1948 ஆம் ஆண்டு யூலை மாதம் 5 ஆம் நாள் தொடங்கிற்று. அதற்கும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே வலிப்பு நோயாளரையும் வாதநோயாளரையும் பேணவென ஒரு தனி வைத்தியசாலை அந்நாட்டில் எழுந்துவிட்டது. நம் நாட்டு நரம்பியல் நிபுணருட் பலர் தமது உயர் பயிற்சியின் ஒரு பகுதியை அங்கேயே பெற்று மீள்கின்றனர் என்பதையும் வாசகர் கருத்திற் கொள்ளலாம்.

நோயின் இயல்பு

மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் நுண்ணிய மின் அலைகளாலேயே ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் ஒரே வேளையில் மிகையாகக் கிளர்ந்தெழும்போது வலிப்பு உண்டாகிறது. மூளையின் எப்பகுதியில் அக்கிளர்ச்சி எழுகிறதோ அப்பகுதிக்குரிய தொழில் குழம்புகிறது. ஆகவே, கீழே விழுந்து கை கால் உதறுவது மட்டுமே வலிப்பு என்று எண்ணுதல் தவறு. சிலர் ஓரிரு நிமிடம் வெறித்து நோக்கி, வாயை மென்று, ஆடையைப் பிசைந்து, பின்னர் நடந்ததொன்றும் அறியாதிருப்பர். சில பிள்ளைகள் வகுப்பிலே வாசித்துக்கொண்டிருக்கும்போது பத்து வினாடி அசைவற்று நின்று, மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். ஆசிரியர் இதனைக் கவனக்குறைவு எனக் கருதித் தண்டிப்பதும் உண்டு.

பிரித்தானியாவில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் இந்நோயுடையவர். தொகையாகச் சொன்னால் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இத்தனை பேரையும் பெரு நிபுணர்களே பார்ப்பது இயலாது. எல்லோருக்கும் அது வேண்டியதுமன்று. யாரை எவர் பார்ப்பது, எப்பொழுது மேலே அனுப்புவது என்று வகுத்தலே ஒழுங்கின் உயிர்நாடியாகும்.

குவீன் சதுக்கத்து வைத்தியசாலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரத்து வைத்தியசாலைகள் நாட்பட்ட நோயாளரை ஏற்க விரும்புவதில்லை. வாதத்தால் நலிந்த தம் பாட்டியாரைப் பேணிய ஜொஹானா, லூயிசா சாண்ட்லர் என்னும் சகோதரிகள் இக்குறையைக் கண்டு மனம் நொந்தனர். தம் கைவேலைப் பொருள்களை விற்றுப் பணம் சேர்த்தனர்; சகோதரர் எட்வேட்டும் துணை நின்றார். அவர்களது முயற்சியால் 1859 ஆம் ஆண்டிலே குவீன் சதுக்கத்து வைத்தியசாலை நிறுவப்பெற்றது.

1862 ஆம் ஆண்டு அங்கே பணியேற்ற ஹியூலிங்ஸ் ஜக்சன் என்னும் வைத்தியர், வலிப்பு உடலின் ஓர் உறுப்பிலே தொடங்கி ஒழுங்காகப் பரவும் முறையை உற்று நோக்கினார். தம் மனைவிக்கு நேர்ந்த வலிப்பிலும் அவர் இதனைக் கண்டார். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனித் தொழில் உண்டு என்னும் முடிபுக்கு இது வழி காட்டிற்று. 1886 ஆம் ஆண்டு அதே வைத்தியசாலையில் விக்டர் ஹோஸ்லி என்பவர் 22 வயது இளைஞர் ஒருவரின் மூளையிலிருந்த வடுவை அகற்றி வலிப்புக்குச் சத்திரசிகிச்சை செய்தார்.

எனினும் அறிவு வளர்ந்த அளவுக்கு நோயாளரின் வாழ்வு வளரவில்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. ஆகவே 1894 ஆம் ஆண்டு சால்பொன்ற் என்னும் ஊரிலும், 1897 ஆம் ஆண்டு லிங்பீல்ட் என்னும் ஊரிலும் நோயாளருக்கெனக் குடியிருப்புகள் அமைந்தன. அங்கே வயல் வேலை, கைத்தொழில், நல்ல காற்று, நல்ல உணவு யாவும் கிடைத்தன. ஊர் உலகத்தோடு கலந்து வாழும் வாய்ப்பு மட்டுமே கிடைக்கவில்லை. 1912 இல் பினோபாபிற்றோன் என்னும் மருந்தும், 1938 இல் பினிற்றோயின் என்னும் மருந்தும் வலிப்பை அடக்கவல்லன என அறியப்பட்ட பின்னரே, நோயாளர் தம் வீட்டிலிருந்தபடியே வாழ்வது பலருக்கும் எளிதாயிற்று. சால்பொன்றும் லிங்பீல்டும் இன்று ஒதுக்கிவைக்கும் இடங்களல்ல. ஆராய்ச்சிக்கும் சிறப்புச் சிகிச்சைக்கும் கல்விக்கும் உரிய நிலையங்களாய் மாறிவிட்டன.

மூன்று படிகள்

இன்றைய ஒழுங்கைப் படிக்கட்டு ஒன்றுக்கு ஒப்பிடலாம். முதற்படியில் நிற்பவர் குடும்ப வைத்தியர். அந்நாட்டு மக்கள் தத்தம் ஊரிலுள்ள ஒரு வைத்திய நிலையத்திற் பெயர் பதிந்துகொள்வர். ஒருவருக்கு முதன்முறை வலிப்புப் போன்றதொன்று நேர்ந்தால், குடும்ப வைத்தியர் தாமே நோயின் பெயரைத் தீர்மானிப்பதில்லை, மருந்தையும் தொடங்கிவிடுவதில்லை. இரண்டு கிழமைகளுக்குள் வலிப்பு நோயில் தேர்ச்சியுடைய வைத்தியர் ஒருவர் பார்க்கும்படி அனுப்பிவைக்க வேண்டும் என்பது விதி. இவ்விதிகளை வகுப்பது நைஸ் என்னும் தேசிய நிறுவனம். வலிப்பு நோய்க்கு அது 2004 ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் வெளியிட்டது. பின்னர் 2012 இலும் 2022 இலும் புதுக்கியது.

இரண்டாம் படி மாவட்ட வைத்தியசாலை. வளர்ந்தோரை நரம்பியல் வைத்தியரும், பிள்ளைகளை வலிப்பு நோயில் தேர்ந்த குழந்தை வைத்தியரும் பார்ப்பர். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் கருவியும், காந்தப் புலத்தால் மூளையைப் படம் பிடிக்கும் கருவியும் இங்கே உள. ஆயினும் இப்படியில் தலையாய கருவி வைத்தியரின் செவியே என்றால் வாசகர் வியப்படையக் கூடும். மின் அலைப் பதிவு சீராக இருப்பினும் நோய் இருத்தல் கூடும். ஆகவே, வீழ்ந்ததைக் கண்டவர் சொல்லும் விவரமே தீர்ப்புக்கு முதல் ஆதாரம். வெறும் மயக்கத்தையும், இதயத் துடிப்பின் கோளாற்றையும் வலிப்பென்று பிழையாக எண்ணி ஆண்டுக்கணக்காக மருந்து கொடுத்தமை அரிதன்று. நூற்றுக்கு இருபது பேர் வரை இவ்வாறு பிழையாகப் பெயரிடப்பட்டனர் என ஆய்வுகள் பல கூறியுள்ளன. இதயக் கோளாற்றை வலிப்பென மயங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதனாலேயே முதல் வலிப்புக் கண்டவருக்கு இதயத் துடிப்பையும் பதிவு செய்து பார்க்க வேண்டும் என்பது விதியாயிற்று.

மூன்றாம் படி பெருநகரங்களில் உள்ள நரம்பியல் நிலையங்கள். குவீன் சதுக்கம் இத்தகையது. அங்கே நோயாளியைச் சில நாள் படுக்கையில் வைத்து, இரவு பகலாகப் படம் பிடித்துக்கொண்டே மூளையின் அலைகளையும் பதிவு செய்வர். சத்திரசிகிச்சை, கழுத்து நரம்பொன்றுக்குச் சிறு கருவியால் மின் தூண்டல் அளித்தல், கொழுப்பு மிகுந்த விசேட உணவுமுறை ஆகியன இப்படிக்கு உரியன. பிள்ளைகளுக்கான மூளைச் சத்திரசிகிச்சையை 2012 ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து முழுவதற்கும் நான்கு நிலையங்களில் மட்டும் ஒருமுகப்படுத்தினர். பல இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்வதைவிடச் சில இடங்களில் நிறையச் செய்யும் கை தேர்ச்சியடையும் என்பதே அதன் நியாயம்.

எப்பொழுது மேலே அனுப்புவது?

படிகள் இருந்தால் மட்டும் போதுமா? ஒரு படியிலிருந்து மறுபடிக்கு நோயாளி எப்பொழுது ஏறவேண்டும் என்பது தெளிவாக வேண்டும். இதற்கு ஸ்கொத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் நடந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று பேருதவி புரிந்தது. அதுவரை மருந்து உட்கொள்ளாத 470 நோயாளரைத் தொடர்ந்து கவனித்தனர். முதல் மருந்தினாலேயே 222 பேர், அதாவது 47 வீதத்தினர், வலிப்பினின்று முற்றாக நீங்கினர். இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தால் நீங்கியோர் 67 பேர். 14 வீதம் மட்டுமே. எனவே, பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவிற் கொடுத்தும் பயனில்லையெனில், மூன்றாவது, நான்காவது என மாற்றிக்கொண்டே இருப்பதால் நன்மை சிறிதே. அந்நோயாளி மேற்படிக்கு ஏறவேண்டியவர். இத்தகையோரை நான்கு கிழமைகளுக்குள் மூன்றாம் படியில் உள்ளோர் பார்க்கவேண்டும் என்பது இன்றைய வழிகாட்டி. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு வலிப்பு வந்தால், மருந்துகள் தோற்கும்வரை காத்திருப்பதில்லை. இரண்டு கிழமைகளுக்குள் மூன்றாம் படியில் பார்க்க வேண்டும். வளரும் மூளைக்குக் காலம் பொன்னினும் அரியது.

மேலே அனுப்புவதாற் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்குக் கனடா நாட்டிலே 2001 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. மருந்துக்கு அடங்காத 80 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்குச் சத்திரசிகிச்சையும் மற்றையோருக்கு மருந்தும் அளித்தனர். ஓராண்டின் பின்னர், அறிவை மயக்கும் வலிப்பினின்று நீங்கியோர் முதற் கூற்றில் 58 வீதம். இரண்டாம் கூற்றில் 8 வீதம். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை ஏற்றதன்று. ஆனால் ஏற்றவரைக் கண்டுபிடிக்க அவர் மேற்படிக்கு வந்தாக வேண்டும்.

படிகளை இணைக்கும் தாதி

எரிகிற விளக்காயினும் தூண்டுகோல் வேண்டும் என்பர். இவ்வொழுங்கின் தூண்டுகோல் வலிப்பு நோய்க்கெனப் பயிற்றப்பட்ட தாதியாவார். நிபுணரை நோயாளி ஆண்டில் ஓரிரு முறையே காண்பார். அதுவும் சில நிமிட நேரம். மருந்தால் உறக்கம் மிகுகிறது, பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா, மகளுக்குத் திருமணம் பேசுகிறோம், மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்னும் கேள்விகள் எழும்போது தொலைபேசியில் அழைக்கத்தக்கவர் அத்தாதியே. பள்ளிக்கூடத்துக்குச் சென்று ஆசிரியர்க்கு முதலுதவி கற்பிப்பதும், குடும்ப வைத்தியருக்கும் நிபுணருக்கும் இடையே செய்தி தவறாமற் பார்ப்பதும் அவர் பணிகள். வலிப்பு நோயாளர் யாவருக்கும் இத்தகைய தாதி ஒருவரின் துணை கிடைக்க வேண்டும் என நைஸ் நிறுவனம் கூறுகிறது.

செய்தி தவறினால் விளையும் கேட்டுக்கு வல்புரோவேற் என்னும் மருந்தின் வரலாறு சான்றாகும். 1970களில் வழக்கிற்கு வந்த இது வலிப்பை அடக்குவதில் வல்லது. ஆயினும் கருவுற்ற தாய் உட்கொண்டால், பிறக்கும் குழந்தைகள் பத்தில் ஒன்றுக்கு உறுப்புக் குறைபாடும், பத்தில் மூன்று அல்லது நான்குக்கு அறிவு வளர்ச்சியிற் குறைபாடும் நேரக் கூடும். மருந்தின் தீங்கு வெளிப்பட்ட பின்னரும் அவ்வறிவு தாய்மார் பலரைச் சென்றடையவில்லை. 2020 ஆம் ஆண்டு அரசினால் வேண்டப்பட்ட ஒரு விசாரணை அறிக்கை இதனைக் கண்டித்துரைத்தது. அதற்கு முன்னர் 2018 இலே, கருத்தரிக்கக் கூடிய பெண்களுக்கு உரிய பாதுகாப்பு ஏற்பாடு இன்றி இம்மருந்தைக் கொடுத்தலாகாது என்று விதித்தனர். 2024 சனவரி முதல், 55 வயதுக்குட்பட்ட ஆண் பெண் எவர்க்கும் இதனைப் புதிதாகத் தொடங்குவதாயின் நிபுணர் இருவர் தனித்தனியே ஆராய்ந்து இணங்க வேண்டும். இதனைப் படிக்கும் எவரேனும் அஞ்சித் தம் மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது என்பதை இங்கே வற்புறுத்துகின்றோம். திடீரென நிறுத்துதல் உயிராபத்தை விளைவிக்கும். வைத்தியரோடு பேசியே எதனையும் செய்தல் வேண்டும்.

குறைகளும் கணக்கெடுப்பும்

இவ்வளவும் கேட்டு, அந்நாட்டில் யாவும் செம்மையாக நடக்கின்றன என்று எண்ணிவிடலாகாது. 2002 ஆம் ஆண்டிலே வலிப்பு நோயால் நேர்ந்த மரணங்களைப் பற்றித் தேசிய அளவில் ஒரு கணக்கெடுப்பு வெளியாயிற்று. ஆராயப்பட்ட மரணங்களுள் வளர்ந்தோரிற் 39 வீதமும், பிள்ளைகளிற் 59 வீதமும் தவிர்த்திருக்கக் கூடியவை என அது கூறிற்று. இந்நோயாளருள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில், பெரும்பாலும் உறக்கத்திலே, வேறு காரணமின்றித் திடீரென இறப்பதுண்டு. அடங்காத பெருவலிப்பே அதற்கு முதற் காரணம். ஆகவே வலிப்பை அடக்குவது வசதியைப் பற்றிய விடயம் மட்டுமன்று, உயிரைப் பற்றியது. மேலே அனுப்பப்படாமை, பார்க்கும் வைத்தியர்க்குத் தேர்ச்சியின்மை, குழந்தை வைத்தியரிடமிருந்து வளர்ந்தோர் வைத்தியரிடம் மாறும் வயதிலே நோயாளி இருவரிடமும் இல்லாமற் போதல் ஆகியன படிகளின் உடைவுகளாகும்.

அந்நாட்டார் தம் குறையை மறைக்கவில்லை, அச்சிட்டு வெளியிட்டனர். வழிகாட்டி நூல்கள் பின்னர் எழுந்தன. 2009 ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளின் வலிப்புச் சிகிச்சையைப் பன்னிரண்டு அளவுகோல்களால் அளக்கும் கணக்கெடுப்பொன்று தொடங்கிற்று. பயிற்சி பெற்ற குழந்தை வைத்தியர் பார்த்தாரா, தாதியின் துணை கிடைத்ததா, வேண்டிய படம் எடுக்கப்பட்டதா என ஒவ்வொரு சேவையையும் அளந்து முடிவுகளை வெளியிடுகின்றனர். பெற்றோரும் அவற்றை வாசிக்கலாம். எனினும் நரம்பியல் வைத்தியர் தொகை போதாமையாற் காத்திருப்பு நீள்கிறது. இரண்டு கிழமை என்னும் விதி பல இடங்களில் விதியாகவே நிற்கிறது. எழுதிய ஒழுங்கு வேறு, நடக்கும் ஒழுங்கு வேறு என்பதை அளந்தறிவோரே அவ்விரண்டின் இடைவெளியைக் குறைக்க வல்லார்.

வீடே அடிப்படி

மூன்று படிகளைக் கூறினோம். அவற்றுக்கெல்லாம் கீழே, எந்நாட்டிலும் உள்ள அடிப்படி ஒன்றுண்டு. அது நோயாளியின் வீடு. கண்டவர் சொல்லும் விவரமே தீர்ப்புக்கு ஆதாரம் என்றோம். திருமணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று அஞ்சி நோயை மறைக்கும் வீட்டார், தம்மையறியாமலே முதற்படியை இடித்துவிடுகின்றனர். வலிப்பு எப்பொழுது வந்தது, எப்பக்கத்திலிருந்து தொடங்கிற்று, எத்தனை நிமிடம் நீடித்தது என்பனவற்றைக் கொப்பியொன்றிற் குறித்து வையுங்கள். இயலுமாயின் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தியரிடம் காட்டுங்கள். பெரு நிபுணரும் அதனை விரும்பிக் கேட்பர்.

வலிப்பு வந்தவேளை கையில் இரும்பைத் திணிப்பதாலோ, வாயில் கரண்டி வைப்பதாலோ யாதொரு பயனும் இல்லை. பல்லும் தாடையும் உடையலாம். கை கால்களை அழுத்திப் பிடித்தலும் வேண்டா. தலையின் கீழே மெத்தென்ற துணி வைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, உதறல் நின்றதும் ஒருக்களித்துக் கிடத்துங்கள். முற்றாகத் தெளியுமுன் நீரோ உணவோ கொடுக்கலாகாது. ஐந்து நிமிடம் கடந்தும் நில்லாவிடில், அல்லது தெளியாமலே மீண்டும் வந்தால், தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். முறையாக மருந்து உட்கொண்டும் வலிப்பு அடங்கவில்லையெனில், மேலே எவரிடம் அனுப்பலாம் என்று வைத்தியரை மரியாதையோடு கேட்பது தவறன்று. அஃது உங்கள் உரிமை.

மாணவர்களுக்கும் ஒரு சொல். வகுப்பில் ஒரு தோழனுக்கு இவ்வாறு நேர்ந்தால் சுற்றி நின்று வேடிக்கை பாராமல், ஒருவர் நேரத்தைக் குறியுங்கள். ஒருவர் ஆசிரியரை அழையுங்கள். ஒருவர் அவன் கண் விழிக்கும்வரை அருகில் இருங்கள். அவன் விழித்ததும், என்ன நடந்தது என்பதை அமைதியாக அவனுக்குச் சொல்லுங்கள்.